ஓடட்டும் முதலில், பளபளப்பு அப்புறம்

புல் வெட்டும் வண்டிக்கும் தோட்ட டிராக்டருக்கும் உள்ள வித்தியாசத்தை பானட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. குனிந்து பின்சக்கரங்களுக்கு நடுவே பார்க்க வேண்டும். அங்கே கையளவு அலுமினிய கியர் பெட்டி இருந்தால் அது புல் வெட்ட மட்டும். கனத்த வார்ப்பிரும்புப் பெட்டியும், அதிலிருந்து இருபுறமும் நீளும் தடித்த அச்சும் இருந்தால் அது இழுக்கும், உழும், தள்ளும். பழைய தோட்ட டிராக்டர்கள் ஐம்பது அறுபது வருடம் கழித்தும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தப் பெட்டிதான். எஞ்சின் மாறியிருக்கும், சீட் கிழிந்திருக்கும், பானட்டில் துரு ஓட்டை விழுந்திருக்கும். உள்ளே பல்சக்கரங்கள் மட்டும் அன்று வெட்டிய மாதிரியே இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க நகரங்களின் ஓரத்தில் அரை ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வீட்டு மனைகள் பெருகியபோது பிறந்த வண்டிகள் இவை. பண்ணை டிராக்டர் பெரிசு, தள்ளுகிற புல்வெட்டி சிறிசு. நடுவில் ஒன்று வேண்டியிருந்தது. இண்டியானாவின் சவுத் பெண்டில் எல்மர் பாண்ட் 1946-இல் தன் கராஜில் ஆரம்பித்ததுதான் பிற்பாடு வீல் ஹார்ஸ் ஆனது. மகன் சிசில் பாண்ட் அதைப் பெரிய கம்பெனியாக வளர்த்தார். பெரிய பண்ணைக் கம்பெனிகள் மெதுவாகத்தான் விழித்துக்கொண்டன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் முதல் கப் கேடட் 1961-க்கு, ஜான் டியரின் 110 என்ற மாடல் 1963-க்கு. விஸ்கான்சினில் போர்ட் வாஷிங்டன் என்ற சின்ன ஊரிலிருந்து மட்டும் சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் என இரண்டு கம்பெனிகள். இவர்கள் எல்லாருக்கும் முன்னாலேயே, 1916-இல், பெஞ்சமின் கிரேவ்லி என்ற புகைப்படக்காரர் பின்னால் நடந்து ஓட்டும் மோட்டார் கலப்பைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். படம் பிடிக்கிறவருக்கு எதற்குக் கலப்பை என்று கேட்கக் கூடாது. வீட்டுத் தோட்டம் யாரையும் மெக்கானிக் ஆக்கிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. முதல் கப் கேடட் வந்தபோது அதன் எஞ்சின் கோலர் என்ற கம்பெனி செய்த 7 குதிரைத்திறன் எஞ்சின். ஜான் டியர் 110 வந்தபோது அதிலும் 7 குதிரைத்திறன் கோலர். வீல் ஹார்ஸிலும் பெரும்பாலும் கோலர்தான். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று ஆளாளுக்கு அணி பிரிந்து சண்டை போடுகிறார்களே தவிர, பானட்டைத் தூக்கினால் பெரும்பாலும் ஒரே எஞ்சின் குடும்பம். கோலர் கே வரிசை: வார்ப்பிரும்புச் சிலிண்டர், ஒற்றை பிஸ்டன், பக்கவாட்டில் வால்வு, காற்றில் குளிரும் அமைப்பு. இன்றைக்கும் இதற்கு பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கார்புரேட்டர் கிட் எல்லாம் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் நிறத்தை விட்டுவிட்டு எஞ்சினைக் கேட்டு வாங்கலாம். உதிரிபாகம் கிடைக்காத அபூர்வ மாடல் கண்காட்சிக்கு அழகு. வீட்டில் வேலை பார்க்க, நிறையப் பேர் வாங்கிய சாதாரண மாடல்தான் தோது.

என்னிடம் இருப்பது எழுபதுகளில் செய்த சிவப்பு வீல் ஹார்ஸ், சி வரிசை, 10 குதிரைத்திறன். வாங்கும்போது அது ஒரு கொட்டகையின் பின்சுவரில் சாய்ந்து, சீட்டில் பாசி பிடித்து நின்றது. விற்றவர் சொன்ன 'கடைசியாக ஓட்டியபோது நன்றாக ஓடியது' என்ற வாக்கியத்தைப் பழைய வண்டி விற்கிற எல்லாரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. கடைசியாக எப்போது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

ஓடாத வண்டியைப் பார்க்கப் போகும்போது நான் செய்வது இதுதான். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிப் பார்ப்பேன். முன்பக்கம் சுற்றினால் ஏமாந்துபோவோம். இந்த எஞ்சின்களில் சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக மெதுவான வேகத்தில் வால்வைக் கொஞ்சம் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு. அதனால் அழுத்தமானி வைத்துப் பார்த்தாலும் நல்ல எஞ்சின்கூடச் செத்த எஞ்சின் மாதிரி காட்டும். பின்பக்கமாகச் சுற்றும்போது ஃபிளைவீல் ஒரு இடத்தில் முட்டி, கையை உதறுகிற மாதிரி திரும்பி வந்தால் ரிங்கும் வால்வும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். தளர்ந்து சுற்றிக்கொண்டே போனால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

அடுத்தது கியர் எண்ணெய். அளவுக் குச்சியை உருவினால் தேன் நிறமோ கறுப்போ இருந்தால் சரி. பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெளியில் மழையில் நின்ற வண்டிகளில் கியர் கம்பியைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை வெடித்து, வழியாத நீரெல்லாம் நேராக உள்ளே இறங்கியிருக்கும். இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வடித்து, டீசல் ஊற்றி அலசி, மறுபடி வடித்து, புது எண்ணெய் விட்டு, ரப்பரை மாற்றினால் பெரும்பாலும் போதும். தண்ணீர் அங்கேயே உறைந்து பெட்டி விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கூட வரும் சாமான்கள். புல் வெட்டும் டெக், பனி தள்ளும் தகடு, கலப்பை, அவற்றை மாட்டும் கம்பிகள், கொக்கிகள். வண்டியை விட இவற்றைத் தேடிச் சேர்ப்பதுதான் கஷ்டம். குறிப்பாக மாட்டும் சட்டம். தகடு எங்காவது கிடைத்துவிடும், அதை இந்த மாடலோடு இணைக்கும் இரண்டடி இரும்புச் சட்டத்துக்கு ஆலாய்ப் பறக்க வேண்டியிருக்கும். கொட்டகை மூலையில் 'அது என்னன்னு தெரியல' என்று விற்பவர் ஒதுக்கி வைத்திருக்கும் இரும்பையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

வண்டி வீடு வந்ததும் கை துறுதுறுக்கும், சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று. அதற்கு முன்னால் ஃபிளைவீல் மேலிருக்கும் தகர உறையைக் கழற்றியாக வேண்டும். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஃபிளைவீலில் இருக்கும் இறக்கைகள் காற்றை இழுத்து, தகர உறையின் வழியாகச் சிலிண்டரின் செதில்கள் மேல் தள்ளுகின்றன, அவ்வளவுதான் குளிர்ச்சி. என் வண்டியில் அந்த உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு முழு எலிக் குடும்பம் வாழ்ந்துவிட்டுப் போன அடையாளம்: காய்ந்த புல், சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சு, கொட்டை ஓடுகள், வயரின் மேலுறைத் துணுக்குகள். சிலிண்டர் தலையின் செதில்களுக்கு நடுவே அது எண்ணெயோடு சேர்ந்து அடையாக இறுகிக் கிடந்தது. பழைய ஸ்க்ரூடிரைவரால் நோண்டி, பிரஷ் போட்டு, கடைசியில் காற்றடித்து எடுத்தேன். அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் நன்றாகத்தான் ஓடியிருக்கும், சூடு ஏறுகிறவரைக்கும்.

பிறகு பாயின்ட், அதாவது திறந்து மூடி ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கும் சின்னத் தொடுமுனைகள். பழைய எஞ்சின்களிலேயே கோலர் கே வரிசை எனக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம். அந்தக் காலத்து வேறு பல எஞ்சின்களில் பாயின்ட் ஃபிளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்கவே இழுவை என்கிற கழற்றும் கருவியை மாட்டிப் போராட வேண்டும். இதில் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள், இரண்டு திருகு கழற்றினால் கையில். உலோக முனைகள் சாம்பல் படிந்து கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு தேய்ப்பு, இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். ஃபிளைவீலில் 'எஸ்' என்று ஒரு குறி இருக்கும். அது பார்வைத் துளைக்கு நேரே வரும்போது பாயின்ட் திறக்க ஆரம்பித்தால் டைமிங் சரி. கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். ஒரு டெஸ்ட் லைட் போதும். பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

பெட்ரோல் பக்கம் எல்லாருக்கும் ஒரே கதை. டேங்கில் வார்னிஷ் வாசம், கார்புரேட்டர் கிண்ணத்தில் பச்சைப் பொடி, ரப்பர் குழாய் தொட்டால் உதிரும். பத்து சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை நினைத்து அந்தக் காலத்து ரப்பரைச் செய்யவில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். குழாய், வடிகட்டி, கார்புரேட்டர் ரப்பர்கள் அனைத்தையும் மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கார்புரேட்டரையே மலிவான புதியதாக மாற்றிவிடும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழையதன் உடல் கனமான வார்ப்பு, ஊசித் திருகுகளால் நம் எஞ்சினுக்கு ஏற்றபடி கலவையைத் திருத்தலாம். ஊறவைத்து, சுத்தம் செய்து, த்ராட்டில் அச்சு ஆடுகிற இடத்தில் புஷ் என்கிற உள்வளையம் போட்டால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. இந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் எண்ணெய் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்க் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அது சுற்றும்போதெல்லாம் எண்ணெயில் அடித்துத் தெறிக்க வைக்கும், அந்தத் தெறிப்புதான் உள்ளே எல்லாவற்றுக்கும் உயவு. ராடோ அலுமினியம், தனி பேரிங் இல்லாமல் நேராக இரும்பு கிராங்கின் மேல் சுழல்கிறது. எண்ணெய் மட்டம் இறங்கிவிட்டால் கரண்டி காற்றை அடிக்கும், ராட் கிராங்கைக் கவ்வும், நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் உடைந்து எஞ்சின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பழைய இரும்புக் கடைகளில் பக்கவாட்டில் ஓட்டையோடு கிடக்கும் கோலர்கள் பெரும்பாலும் இப்படிச் செத்தவைதான். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்னும் அளவுக் குச்சியை உருவிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. செங்குத்தான சரிவில் நெடுநேரம் நிற்பதும் இதே காரணத்தால் ஆகாது.

இனி துருவுக்கு வருவோம். சின்ன பாகங்களுக்கு நான் மின்பகுப்பு முறையைத்தான் நம்புகிறேன். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், பத்து லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. பழைய பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்துக்கு, நேர்முனை தொட்டியில் நிற்கும் வேண்டாத இரும்புத் தகடுக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகம் கரைய ஆரம்பிக்கும், கவனம். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் துரு கறுப்புச் சகதியாகி, பிரஷ் போட்டதும் வழிந்துவிடும். வார்ப்பிரும்பில் பதித்த எண்கள்கூடத் தெளிவாகத் தெரியும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் மூடிய அறையிலும் கூடாது. அலுமினியத்தை இதில் போட்டால் அரித்துவிடும்.

துருவிலேயே மோசமானது பின்சக்கர ஹப், அதாவது சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நடுப்பகுதி. அச்சின் மேல் ஒரு சாவித் துண்டும் திருகும் போட்டு இறுக்கியிருப்பார்கள். நாற்பது வருடம் ஈரத்தில் நின்றால் ஹப்பும் அச்சும் ஒரே இரும்பாகிவிடும். சுத்தியலால் அடித்தால் உள்ளே கியர் பெட்டியின் பேரிங்குக்குத்தான் அடி. வார்ப்பு உடைவதும் உண்டு. ஊடுருவும் எண்ணெய், கனமான இழுவை, அதை முறுக்கி இறுக்கத்திலேயே விட்டுவைப்பது, ஹப்பை மட்டும் சூடாக்குவது, மறுபடி எண்ணெய். வாரக்கணக்கில் போகிற வேலை. என்னுடையது வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு தானாகவே விட்டுக் கொடுத்திருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் இழுவை தரையில் கிடந்தது.

பெயிண்ட் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கடைசி போல்ட் வரை கழற்றி, மணலடித்து, தொழிற்சாலையில் வந்ததை விடப் பளபளப்பாகச் செய்கிறவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அப்படி முடித்த வண்டியை மண்ணில் இறக்க அவர்களுக்கே மனசு வருவதில்லை. முதல் கீறல் விழுந்ததும் வண்டி கொட்டகைக்குள் போய்விடுகிறது. நான் பார்த்த சில 'முழு மீட்பு' வண்டிகளில் வெளியே கண்ணாடி மாதிரி பெயிண்ட், உள்ளே பழைய எண்ணெய், ஆடுகிற ஸ்டியரிங். என் வரிசை தலைகீழ். முதலில் பிரேக், ஸ்டியரிங், எஞ்சின். அப்புறம் முன்சக்கர பேரிங், பெல்ட், டயர். துரு தின்கிற இடத்தில் மட்டும் சுரண்டி, பிரைமர் அடித்து, நிறம் தொட்டுவிடுவது. பானட்டில் முந்தைய சொந்தக்காரரின் முழங்கால் உரசி உரசிப் பெயிண்ட் போன இடம் அப்படியே இருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பழைய பெயிண்டைத் தேய்க்கிறவர்கள் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய கிளட்ச், பிரேக் லைனிங் தூசியையும் ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

சரி, இத்தனை பாடுபட்டு என்ன வேலை வாங்குகிறோம்?

புல் வெட்டுவதில் புதிய வண்டிகளே மேல். இதை ஒப்புக்கொள்ளாத பழைய டிராக்டர்காரர்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. பழைய வண்டி கனம். ஈரமான தரையில் தடம் பதிக்கும். திரும்ப அகலமான இடம் கேட்கும், மரங்களைச் சுற்றி வெட்ட வராது. திறந்த பரப்பில் கரடுமுரடான புல் என்றால் மட்டும் இதற்கு ஈடில்லை.

பனிக்காலத்தில்தான் இதன் அருமை தெரியும். முன்னால் தகடு, பின்சக்கரத்தில் சங்கிலி, கூடவே வார்ப்பிரும்பு எடைகள். டயருக்குள் திரவம் நிரப்பியும் எடை ஏற்றலாம். பழைய வழக்கப்படி கால்சியம் குளோரைடு கரைசல் விட்டால் ஒருநாள் ட்யூப் கசிந்து ரிம்மை அரித்துவிடும் என்பதால் நான் இரும்பு எடையோடு நிறுத்திக்கொண்டேன். தாழ் வேகத்தில் முதல் கியர் போட்டால் வண்டி நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் பனியைத் தள்ளிக்கொண்டே போகும். இழுக்க முடியாத கட்டத்தில் சக்கரம் வழுக்குமே ஒழிய கியர் பெட்டி முனகாது.

உழுவதற்கு என்னிடம் 10 அங்குலக் கலப்பை. தோட்ட டிராக்டர் கலப்பை என்றாலே பிரின்லி பெயர்தான் வரும். கென்டக்கியில் 1839-இல் ஆரம்பித்த கம்பெனி, இந்த வண்டிகளை விட நூறு வருடம் மூத்தது. உழவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் சாலில் நாலு சக்கரமும் சமதளத்தில் போகும். இரண்டாவது சாலிலிருந்து வலப்பக்கச் சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் இறங்கி ஓடும், வண்டியே ஒருபக்கம் சாயும். அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி கலப்பையைத் திருத்தி வைத்தால்தான் மண் புரண்டு விழும். இல்லையென்றால் கீறிக்கொண்டு மட்டும் போகும். சரியாக அமைந்துவிட்டால் காலடியில் மண் ஒரே சீராகச் சுருண்டு கவிழ்வதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றும், கோடு கோணலாகிவிடும்.

என் மகன் முதல்முறை ஏறி உட்கார்ந்ததும், "அப்பா, இதுக்கு சீட் பெல்ட் இல்லையா?" என்றான். நல்ல கேள்வி. கவிழ்ந்தால் காப்பாற்றும் சட்டம் இல்லாத டிராக்டரில் பெல்ட் போடக் கூடாது; கவிழும் வண்டியோடு நம்மைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் சரிவில் குறுக்கே ஓட்டுவதில்லை, மேலும் கீழுமாக மட்டும்தான். பல பழைய மாடல்களில் ஆள் இறங்கினால் எஞ்சினை நிறுத்தும் சீட் சுவிட்ச் கிடையாது. இருந்த சுவிட்சுகளையும் முந்தைய சொந்தக்காரர்கள் வயரை முறுக்கி ஏமாற்றியிருப்பார்கள். சுவிட்ச் விலை பெரிசில்லை. நான் புதிதாகப் போட்டேன், பிளேடைச் சுழற்றும் லீவருக்கும் சேர்த்து. கீழே நின்றுகொண்டு, ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சோலனாய்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஸ்டார்ட் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கியரில் இருந்தால் வண்டி முதலில் ஏறுவது அவர்கள் மேல்தான்.

சீசன் முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் காய்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுவேன். எண்ணெயை மாற்றுவது அப்போதே, சூடாக இருக்கும்போதே. அழுக்கு எண்ணெயோடு மாதக்கணக்கில் நிறுத்துவது தப்பு. பேட்டரி வீட்டுக்குள் வந்துவிடும். ஃபிளைவீல் உறையின் வாயில் கம்பி வலை கட்டிவிட்டேன், எலிகள் இந்த முறை வேறு இடம் பார்க்கட்டும். முன்பக்க ஸ்டியரிங் புஷ் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. அதற்கான பித்தளை புஷ் வாங்கி வைத்தாயிற்று, பனி தொடங்குவதற்குள் போட வேண்டும்.